எனக்குன்னு ஒரு கேஸ்

அசையாதீங்க சார், அசையாதீங்க! இந்த ஒரு முடிச்சு நின்னுடுச்சுன்னா முடிஞ்சுது. இதுதான் பாருங்க தொந்தரவே... ஆறு வாரமா பொம்மைக்குக் கட்டுப் போட்டுப் பழகினோமா, பொம்மை சமர்த்தா படுத்துக்கும். மனுஷன் நெளிவான்னு அந்த வகுப்புல ஒருத்தரும் சொல்லித் தரல. குறை சொல்லணும்னு சொல்லல, ஆனா சொல்லியிருக்கலாம்ல?

ஊஹூம், வாயைத் திறக்காதீங்க. தாடையில அடி. அடின்னா... சிராய்ப்புதான். ஆனா சிராய்ப்புக்கு உள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா? அதான் தாடையைச் சேத்து உச்சந்தலையில முடிச்சு போட்டிருக்கேன். ஏதாவது சொல்லணும்னா இடது கையால சைகை காட்டுங்க. இடது கையை மட்டும் விட்டு வச்சிருக்கேன் பாருங்க, உங்க வசதிக்காகத்தான்.

காலை அந்தப் பேப்பர் கட்டு மேலயே வச்சிருங்க. சுளுக்குன்னா தூக்கித்தான் வைக்கணும். ஐயோ, கட்டு கசங்கிடும்னு யோசிக்காதீங்க, ஜெராக்ஸ் கடையில பேப்பருக்கா பஞ்சம்? நல்லா சாஞ்சு உக்காருங்க. மணி மூன்றரைதான் ஆகுது. நாலு மணிக்கு வேன் வரும். அதுவரைக்கும் நீங்க எங்கயும் போக முடியாது. தப்பா நினைக்காதீங்க சார், எனக்கு உங்களை விட்டா வேற ஆளு இல்ல.

வேன்னதும் கையை ஆட்டுறீங்களே, என்ன வேன்னு கேக்கறீங்களா? டவுன் கல்லூரிக்காரங்க அனுப்புறாங்களே, இந்தப் பக்கத்து இருபது ஊருக்கும் சேத்து ஒரு வேன். வாரம் ஒரு நாள் வந்து நிக்கும், எதிர்ல சமுதாயக் கூடத்துல வகுப்பு நடக்கும். தையல், கம்ப்யூட்டர், அது இதுன்னு. இந்தத் தடவை முதலுதவி. நல்ல வகுப்புதான், டீச்சரும் தங்கமான டீச்சர். ஆனா கடைசி நாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க பாருங்க! பரீட்சை கிடையாதாம். ஆளுக்கு ஒரு நிஜ கேஸ் பாக்கணுமாம். நிஜமா அடிபட்ட ஒருத்தருக்கு நிஜமா வைத்தியம் பண்ணி, ஒரு பாரம் பூர்த்தி பண்ணி, அடிபட்டவர் கையெழுத்து வாங்கிட்டு வந்தாத்தான் சர்டிபிகேட். மூணு மாசம் டைம். அந்த மூணு மாசம் இன்னைக்கு நாலு மணியோட முடியுது.

நாங்க பதினைஞ்சு பேரு சார். ஊரு எவ்ளோ பெருசு? நீங்களே பாத்தீங்க, பஸ்ஸை விட்டு இறங்கினா இந்தத் தெரு, அந்தத் தெரு, முடிஞ்சுது. இதுல பதினைஞ்சு பேருக்கு அடிபட்டவனை எங்க தேடுறது? அந்த மூணு மாசத்துல முதல் வாரமே ஒரு பையன் சைக்கிள்ல இருந்து கூடத்து வாசல்ல விழுந்தான். நான் மெஷினை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள எட்டு பேரு அவன் மேல விழுந்துட்டாங்க. ஒருத்தி காலைப் பிடிக்கிறா, ஒருத்தி கையைப் பிடிக்கிறா, ஒருத்தி கண்ணைத் திறந்து உள்ள டார்ச் அடிக்கிறா. பாவம், பயந்து போயி சைக்கிளைப் போட்டுட்டே ஓடிட்டான். சைக்கிள் ரெண்டு நாள் அங்கயே கிடந்துச்சு!

அதுல இருந்து என்னாச்சு தெரியுமா? ஊர்ல ஒருத்தனும் அடிபட்டா வெளிய சொல்றதில்ல. எங்க வீட்டுக்காரரையே எடுத்துக்கங்க. தகரம் வெட்டும்போது கட்டைவிரலைக் கிழிச்சுக்கிட்டாரு. ரெண்டு நாள் சார், ரெண்டு நாள் அந்தக் கையை சட்டைப் பையில விட்டுக்கிட்டே திரிஞ்சாரு. சாப்பிடும்போதுதான் பாத்தேன். அதுக்குள்ள காயம் ஆறிடுச்சு! கட்டின பொண்டாட்டிக்கு ஒரு காயத்தைக் குடுக்க மனசு வராத மனுஷன்.

மத்தவங்களுக்கு மட்டும் எப்படியோ அமைஞ்சுது. கறிக்கடைக்காரர் விரலை வெட்டிக்கிட்டாரு, அதை மூணு பேரு பங்கு போட்டுக்கிட்டாங்க. கழுவினது ஒருத்தி, கட்டினது ஒருத்தி, கையைத் தூக்கிப் பிடிச்சது ஒருத்தி. மூணு பாரம், மூணு சர்டிபிகேட்! எங்க நாத்தனார், பக்கத்து வீடுதான், அவளுக்கு அவ வீட்டுத் தோட்டத்துலயே தேனீ கொட்டின ஆளு கிடைச்சாரு. முதல் சர்டிபிகேட் அவதான் வாங்கினா. வாங்கிட்டு நேரா எங்க வந்தா? இங்க. "அண்ணி, இதை லேமினேட் பண்ணிக் குடுங்க, குமிழி வராம பாத்துக்கங்க"ங்கறா. பதினாலு சர்டிபிகேட் சார். பதினாலையும் இந்த மெஷின்ல, இந்தக் கையாலதான் லேமினேட் பண்ணினேன். ஒண்ணுலயும் குமிழி வரல.

சிரிக்கிறீங்களா? கண்ணு சிரிக்குது. சிரிங்க சிரிங்க, ஆனா தாடையை அசைக்காம சிரிங்க.

சரி, பாரத்தை எழுதிடுவோம். இந்தாங்க பேப்பர், பேனா, இடது கையாலயே பேரு எழுதுங்க. அட, கோழி கிண்டின மாதிரி இருந்தாலும் படிக்க முடியுது. வயசு? நாப்பத்தி ரெண்டா? பாத்தா தெரியல சார். சும்மா சொல்லல. அடுத்து, தொழில். எழுதுங்க... கால்... கால்நடை மருத்துவரா! மாட்டு டாக்டரா நீங்க! அட கடவுளே, அப்போ வாயில்லா ஜீவனோட கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா, நான் போயி உங்ககிட்ட... இருங்க, அந்தப் பேப்பரை என்னத்துக்குக் காட்டுறீங்க? ஓ, ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டு வந்ததா. விழுந்த அவசரத்துல நான் அதைப் பாக்கவே இல்ல. "கறவை மாடு பராமரிப்பு, ஆறு வார வகுப்பு, நாற்பது பிரதிகள்..." சார்! அடுத்து வேன்ல வந்து வகுப்பு எடுக்கப்போறது நீங்கதானா? நல்ல ஆளு சார் நீங்க, முதல்லயே சொல்லக்கூடாதா?

ஆமா... நான் சொல்ல விடல. அதுவும் சரிதான்.

நாற்பது வேண்டாம் சார், அறுபதா எடுத்துடுறேன். எங்க ஊர்ல புது வகுப்புன்னா கூட்டம் அள்ளும். நானும் பேரு குடுக்கறேன். ஆனா என்னைப் பத்தி முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் வேற யாராவது சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம். இங்க எனக்கு "அரைப்படிப்பு அக்கா"ன்னு பேரு. தையல் வகுப்புக்குப் போனேன், சட்டைக்கு உடம்பு தைக்கக் கத்துக்கிட்டேன், கை தைக்கிற வாரத்துல பெரியவ பிறந்துட்டா. கம்ப்யூட்டர் வகுப்புல ரெண்டாவது வாரம் மாமியார் வழுக்கி விழுந்துட்டாங்க. காளான் வளர்ப்புல எல்லாம் சரியா பண்ணேன் சார், காளான் முளைச்ச அன்னைக்கு நான் சின்னவளுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன். காளானை நாத்தனார்தான் பறிச்சா.

கேலி பண்ணா பண்ணிட்டுப் போறாங்க, எனக்கும் திருப்பிக் குடுக்கத் தெரியும். ஆனா போன மாசம் சின்னவ கேட்டா, "அம்மா, நீ எதையாவது முழுசா முடிச்சிருக்கியா?"ன்னு. கிண்டலா கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா. தையல்ல இருந்து ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன் சார், ஒண்ணு கூட இல்ல. அதான் இந்த சர்டிபிகேட்டுக்கு இப்படி அலையறேன். வேற ஒண்ணுமில்ல.

சரி சரி, அடுத்த கேள்வி. "காயங்களின் விவரம்." இடது கணுக்கால் சுளுக்கு. தாடையில சிராய்ப்பு. வலது கை... வலது கைக்கு என்ன போடுறது? அதுல அடி இல்லதான். ஆனா கையைக் கழுத்துல தொங்க விடுற இந்தத் தொட்டில் கட்டு அஞ்சாவது வாரப் பாடம் சார், அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சதை விட மனசு வரல. "வலது கை, முன்னெச்சரிக்கையாக"ன்னு எழுதிடுவோமா? நீங்க தலையாட்டினா ஆமான்னு எடுத்துக்கறேன். ஆட்டாதீங்கன்னு நான்தான் சொன்னேன், பரவாயில்ல, இந்த ஒரு தடவை ஆட்டுங்க.

"அளிக்கப்பட்ட சிகிச்சை." இதுக்கு இடம் பத்தாது, பின்பக்கம் பாக்கவும்னு போட்டுடறேன்.

அடுத்து... "விபத்துக்கான காரணம்."

காரணம்.

வெயிலு இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி இல்ல சார்? இல்லையா. சரி. கவனக்குறைவுன்னு எழுதிக்கலாமா? புது ஆளு, புது இடம், கையில பேப்பர் வேற... எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. எங்க நாத்தனார் கூட அப்படித்தான் எழுதினா, தேனீக்கு.

இப்படிப் பாக்காதீங்க சார்.

சரி, சொல்லிடறேன். கடை வாசல்ல நீங்க கால் வச்ச அந்த ரெண்டாவது படி இருக்கே, அது ஆடுது. பதினைஞ்சு நாளா ஆடுது, மழையில அடிக்கல்லு நகந்துடுச்சு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சுன்னு சொல்ல முடியாது. எங்க வீட்டுக்காரரு போன வாரமே சிமெண்ட் குழைச்சு எடுத்துட்டு வந்துட்டாரு. நான்தான், "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னேன். அவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. சிமெண்டை எடுத்துட்டுப் போயி பின்னாடி துணி துவைக்கிற கல்லுக்குப் பூசிட்டாரு. நான் யாரையும் தள்ளி விடல சார், சத்தியமா. பெரியவங்க வந்தா கையைப் பிடிச்சுத்தான் ஏத்தினேன், குழந்தைங்க வந்தா நானே இறங்கிப் போயி வாங்கிக்கிட்டேன். தெரிஞ்சவங்க எல்லாம் தாண்டி வந்துடுறாங்க. யாரோ ஒரு திடகாத்திரமான ஆளு, லேசா, சும்மா உக்கார்ற மாதிரி விழுந்தா போதும்னுதான் நினைச்சேன். நீங்க அவ்வளவு வேகமா வருவீங்கன்னு நான் கண்டேனா?

நினைச்சதே தப்புதான். அடுத்தவங்க வலியில சர்டிபிகேட் வாங்க நினைச்சேன், வெக்கமா இருக்கு. உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன் சார். இருங்க, அதையே எழுதிடறேன். "காரணம்: கடைப் படி ஆடுகிறது. கடைக்காரிக்குத் தெரியும். வேண்டுமென்றே சரி செய்யவில்லை." எழுதிட்டேன். பாருங்க, மறைக்கல. டீச்சர் படிச்சுட்டு கிழிச்சுப் போட்டா போடட்டும்.

கட்டை அவுத்துடறேன். முதல்ல தாடை. போங்க சார், அஞ்சு மணி பஸ் இருக்கு. கையெழுத்து எல்லாம் வேண்டாம். என்ன... பேனாவா? பேனா எதுக்கு? தாடைதான் அவுத்தாச்சே, பேசலாமே... எழுதியே பழகிட்டீங்களா!

கையெழுத்தா போடுறீங்க? சார்... நிஜமாவா? அதுக்குக் கீழ என்ன எழுதுறீங்க? அது "சிகிச்சை பெற்றவரின் கருத்து", அதை யாரும் நிரப்புறதில்ல, பதினாலு பேரோடதும் காலிதான்... "தேவைக்கு மேலேயே செய்தார். ஒன்றைக்கூட பாதியில் விடவில்லை."

அட போங்க சார். போங்க... என்ன ஆளு சார் நீங்க, அடிபட்டவரு அழணும், நான் அழறேன்.

அந்தா, ஹாரன்! வேன் வந்துடுச்சு! டீச்சர்! டீச்சர், போயிடாதீங்க! கேஸ் இருக்கு, முழுசா ஒரு கேஸ் இருக்கு! சார், எழுந்திரிங்க, என் தோளைப் பிடிச்சுக்கங்க, வலது காலை ஊணுங்க... அங்க இல்ல சார், அங்க இல்ல, அந்தப் படியில கால் வைக்காதீங்க! இந்தப் பக்கமா, ஆங்... மெதுவா. இருங்க, இருங்க, முதல்ல நான் இறங்கி நின்னுக்கறேன்.