பழகின தண்ணி

மீன் தொட்டிச் சாமான்களைச் சுத்தம் செய்ய எங்கள் கோவில்பட்டி வெயிலைப் போல ஒரு மருந்து கிடையாது. வலை, குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறப்போட்டு, மூன்று தடவை அலசி, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவிட்டால் எந்த நோயும் தங்காது. கொண்டைக்காரி செத்த அன்று நானும் அப்படித்தான் செய்தேன். தொட்டித் தண்ணீரை மட்டும் கொட்டவில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை குழாய் வருகிற ஊரில் யார் கொட்டுவார்கள்? டிரம்மில் ஊற்றி நிழலில் மூடி வைத்தேன்.

கொண்டைக்காரி என் தங்கமீன். தலையில் கொண்டை வைத்த ரகம். என் தலையில் ஒன்றும் மிச்சமில்லை என்பதால் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் அலங்காரம். கல்யாணமாகாத ஐம்பது வயதுக்காரன் மீனோடு பேசினால் ஊர் சிரிக்கும். நானே சிரிப்பேன். ஆனாலும் ஆறு வருஷமாக, என் ஃபோட்டோ ஃப்ரேம் கடையைப் பூட்டி வந்ததும் அன்றைய கதையை அவளிடம் சொன்ன பிறகுதான் சாப்பாடு.

பக்கத்து வீட்டு விஜயராஜ் என் வலையை இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்த வாரம் அது. அதே வாரம் அவளுக்குத் துணையாக மதுரையிலிருந்து ஒரு மீன் வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாலாம் நாள் இரண்டுக்கும் வாயில் பஞ்சு மாதிரி வெள்ளையாக நோய் படிந்தது. ஏழாம் நாள் மிதந்தன.

வலையைக் கழுவாமல் கொடுத்திருக்கிறான், வேறென்ன. தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவனோ தோளைத் தட்டி, "விடுங்க அண்ணாச்சி, மீன்தான. கடை தொறந்ததும் ரெண்டா தாரேன்" என்றான்.

மீன்தானாம்.

தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மாடியில் பதினாறு தொட்டிகளில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தான். ஆவணியில் கடை திறப்பு. மகள் பெயரில் போர்டுகூட எழுதி வாசலில் சாத்தியிருந்தான்: சத்யபிரியா கலர்மீன். அந்த முறை பார்த்துக் குழாய் வரவில்லை. தொட்டிகளில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

எட்டு வாளி சுமந்து மாடியேறினேன். முட்டிவலிக்காரன் செய்கிற வேலையா அது? தொட்டிக்குப் பாதி வாளியாகப் பதினாறுக்கும் நானே ஊற்றினேன். "பழகின தண்ணி, குளோரின் வாடையே இருக்காதுலே" என்றேன். அதில் பொய் இல்லை. கொண்டைக்காரி செத்த தண்ணீர் என்று மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் கொண்டு வருகிறவனை யாரும் சந்தேகிப்பதில்லை.

அவன் மனைவி உமாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்க பொழக்கத்துக்கு என்ன செய்வீய அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

ஆறு நாளில் பதினாறு தொட்டியும் முடிந்தது. நான் தினமும் போய் விசாரித்தேன். கடைசி நாள் அவன் படியில் உட்கார்ந்து அழுதபோது, 'மீன்தான' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு இளகிய மனசு.

சாமான்களை எப்படிச் சுத்தம் செய்வது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"தெரியும் அண்ணாச்சி. ஒங்க வலையையும் அப்படித்தான ஊறப்போட்டு, காயவச்சுக் குடுத்தேன். பிளீச்சிங் வாட அடிக்குதுன்னு நீங்கதான சொன்னிய."

சொன்னேன்தான். கொண்டைக்காரி செத்த அன்றுகூட அவன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அவன் கழுவித்தான் கொடுத்தான் என்றால், அவளைக் கொன்றது யார் என்று ஒரு கேள்வி வருகிறது. அதை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைக்க அவன் யார்?

தாய்மீன்கள் மட்டும் கீழே தனித்தொட்டியில் தப்பித்திருந்தன. அவற்றை வைத்து மறுபடி ஆரம்பித்துவிடலாம் என்றான். "அதுகளுக்கு மட்டும் கொஞ்சம் பழகின தண்ணி இருக்கா அண்ணாச்சி?"

டிரம்மில் பாதி இருந்தது. கொடுத்தேன். தண்ணீர் கேட்டு வந்தவனை இல்லை என்று திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது.