அடைக்கலம் புகுந்த சேவல்

—அதெல்லாம் இருக்கட்டும் சப்சல் அண்ணே, சேவலைக் குடுங்க. அடுப்புல தண்ணி கொதிச்சு வத்தியே போச்சு.

—எந்தச் சேவல் தம்பி?

—இப்ப உங்க கூடாரத்துக்குள்ள ஓடுச்சே, என் சேவல்.

—ஓ, அந்த அகதியா. அது இனிமே உன் சேவல் இல்ல ஜியந்து. என் கூடாரக் கயித்தைத் தாண்டி உள்ள வந்துருச்சு. அடைக்கலம்னு வந்த உசுரைப் பிடிச்சுக் கத்திக்குக் குடுத்த பலூச்சியை நீ எங்கேயாவது பாத்திருக்கியா?

—அடைக்கலம்னு அது எங்கண்ணே கேட்டுச்சு? கொக்கரிச்சுக்கிட்டு ஓடுச்சு.

—பயந்தவன் வேற எப்படிக் கேப்பான்? எங்க தாத்தா முள்ளம்பன்றிக்கே அடைக்கலம் குடுத்தவரு. எங்க சித்தப்பா தெரியாம அது மேல உக்காந்துட்டாரு. அவர் போட்ட அலறல்ல எல்லைக்கு அந்தப் பக்கம் ஈரான் சிப்பாய்ங்க துப்பாக்கியைத் தூக்கிட்டாங்க. அப்பவும் தாத்தா சித்தப்பாவைத்தான் வெளிய அனுப்புனாரு.

—என் தாடி மேல ஆணையா சொல்றேன், இது விளையாட்டு இல்லண்ணே. பீர்தாத் வந்திருக்காரு. எல்லையத் தாண்டி, டீசல் வண்டி மேல பீப்பாயோட பீப்பாயா உக்காந்து வந்திருக்காரு. என் மகன் தோஸ்தினுக்கு அவர் பொண்ணைக் கேட்டு எத்தனை தடவை ஆள் விட்டிருப்பேன், உங்களுக்கே தெரியும். இன்னிக்குக் கறி ஒரு வாய் அவர் தொண்டையில இறங்கட்டும். அப்புறம் பொண்ணைத் தரமாட்டேன்னு சொல்ல அவருக்கு நாக்கு எழும்புமா?

—எழும்பாதுதான். நம்ம ஆளுங்க அப்படித்தான். பேரீச்சம்பழம் போட்டுப் பாரேன்.

—பேரீச்சம்பழத்துக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா?

—ஏங்க, சேவலைப் பிடிக்க வந்தீங்களா, சேவலுக்குச் சம்பந்தம் பேச வந்தீங்களா?

—வா மகஞ்ச் தங்கச்சி. உன் புருஷனுக்கு நீயாவது புத்தி சொல்லு.

—புத்தியெல்லாம் கல்யாணமான புதுசுலயே சொல்லி முடிச்சுட்டேன்ண்ணே. இப்ப கையில கத்திதான் இருக்கு. மழையில்லாம எங்க ஆடெல்லாம் மலை தாண்டி மேயப் போயிருச்சு. வெட்டுறதுக்குன்னு வீட்டுல மிச்சம் இருக்கிறது அந்தச் சேவலும் இவரும்தான். யாரைன்னு நீங்களே சொல்லுங்க.

—நல்லாக் கேட்டே. ஆனா தங்கச்சி, நீ இந்தக் கத்தியோட என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும். நான் செத்தா என் மகனுங்க வருவாங்க. அவங்களுக்கு அப்புறம் பேரனுங்க. சேவலுக்காக நம்ம ரெண்டு வீடும் அழிஞ்சு, கடைசியில அந்தச் சேவல் ஒண்ணு மட்டும் இந்த மலையில நின்னு கூவும்.

—நாங்க விருந்தாளிக்குக் கறி போடலேன்னா அதுக்கு முன்னாடியே அவமானத்துல செத்துருவோம்ண்ணே.

—அதுவும் நியாயம்தான். ஒண்ணு பண்ணு. விருந்துக்குக் குறை வைக்கவும் கூடாது, அடைக்கலத்தைக் காட்டிக்குடுக்கவும் கூடாது. அதோ கட்டிக் கிடக்கே என் வெள்ளாடு, அதை அவுத்துட்டுப் போ. சேவலுக்குப் பதிலா ஆடு. லாபம் உனக்குத்தான்.

—மகஞ்ச், கேட்டியா? அண்ணன் மனசே மனசு. போய் அவுத்துட்டு வா. மெதுவா. கத்தியை முந்தானைக்குள்ள மறைச்சுக்கோ. ஏய், கயித்தை விட்டுறாதே.

—விடலைங்க, அது அத்துக்கிட்டு ஓடுது.

—எங்க ஓடுது?

—வேற எங்க? நம்ம கூடாரத்துக்குள்ளதான். மாவு மூட்டைக்குப் பின்னாடி போய் நிக்குது.

—போச்சு.

—என்னங்க போச்சு? போய்ப் பிடிங்க.

—எப்படிடி பிடிக்கிறது? அண்ணன் ஆடு, என் கூடாரத்துல அடைக்கலம். அவர் ஒரு சேவலுக்கே உசுரைக் குடுக்கிறேங்கிறாரு. நான் ஒரு ஆட்டையே காட்டிக்குடுத்தா, நாளைக்கு இந்தத் தாடியை வெச்சுக்கிட்டு எந்தக் கிணத்தடியில தலை காட்டுறது?

—பலே ஜியந்து. இப்பதான் நீ ஆம்பளை.

—ரெண்டு ஆம்பளைங்க, ஒரு ஆடு, ஒரு சேவல். இத்தனை இருந்தும் விருந்தாளிக்கு வெறும் ரொட்டி. அந்த மனுஷன் கை கால் கழுவிட்டு வந்து உக்காந்தா நான் என்னத்தைப் போடுவேன்? என் மகன் கல்யாணமே இந்தக் கறியிலதான் இருக்கு.

—அது கிடக்கட்டும் தங்கச்சி. ஜியந்து, நீ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு. கூடாரத்துக்குள்ள ஓடி வந்தது எதுவா இருந்தாலும்...

—எதுவா இருந்தாலும் காட்டிக்குடுக்க மாட்டேன், அடுத்தவன் கூடாரத்துல போய் இழுக்கவும் மாட்டேன். ஆடோ சேவலோ மனுஷனோ. தாடி மேல ஆணை.

—மகஞ்ச், நீ சாட்சி.

—சாட்சிதான். விஷயத்தைச் சொல்லுங்க, அவரு பசியோட இருப்பாரு.

—அவருக்குப் பசியில்லையாம். பொண்ணு மாட்டேன்னுட்டாளாம், அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தாராம். காலையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் தேத்தண்ணி ஊத்தி ஊத்தி வாயைத் திறக்கவே விடலையாம். கத்தியைத் தீட்டுற சத்தம் கேட்டதும், கறியைத் தின்னுட்டா மறுக்க முடியாதேன்னு சேவலுக்கு முன்னாடியே ஓடி வந்துட்டாரு. என் கட்டிலுக்கு அடியில படுத்திருக்காரு, சேவல் அவர் நெஞ்சு மேல உக்காந்திருக்கு.