நான்காம் நாள் எடுக்காத குழாய்

வாடிய வயிறுகளுக்கு வாழ்வு வார்த்த வள்ளலே! ஐந்தாம் வார்ட்டின் அச்சாணியே! முப்பத்தோராண்டு முகஞ்சுளியா மூத்த தாதியே! எங்கள் சிஸ்டர் ஞானாம்பிகை அவர்களே!

முகஞ்சுளியா என்பது பிரியாவிடை மடலின் எதுகை மோனைக்காக எழுதியது. நீங்கள் நன்றாகவே சுளித்தீர்கள். நாங்களும் அதற்குரிய வேலைதான் செய்தோம்.

புடையன் பாம்பு தீண்டிச் சிறுநீர் நின்றுபோன தோட்டக்காரருக்கு வயிற்றிலே குழாயிறக்கி, மணிக்கொரு போத்தலாய் மருந்துநீர் ஏற்றியும் இறக்கியும், உடம்பில் தேங்கிய கழிவைக் கழுவிக் கழுவியே கைரேகை தேய்ந்த காரிகையே! நமக்குக் கிடைத்ததோ விறைத்த குழாய். மூன்று நாளைக்கு மேல் அது வயிற்றிலிருந்தால் கிருமி புகும். நான்காம் நாள் எடுத்துவிட்டு வேறிடத்தில் புதிதாய்க் குத்தவேண்டும். தசையோடு ஒட்டிக் கிருமிக்கு வழியடைக்கும் மென்குழாய் வேண்டுமென்று ஆண்டுக்கொரு கடிதம் கொழும்புக்கு எழுதினீர்கள். பதில்கள் ஒழுங்காக வந்தன.

கோயில் திருநீற்றைக் குழாயடியிற் பூச வந்த உறவினரைக் கும்பிட்டு, நெற்றியிற் பூசச் சொன்னீர்கள். அப்படியும் கிழமைக்கு இரண்டு சண்டை. சைவப் பழமான உங்களையே நாத்திகி என்றார்கள்.

இனி மடலுக்கு ஒவ்வாத ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது. எழுபத்தெட்டாம் ஆண்டு பங்குனியில், புகையிலைத் தோட்டத்திலே பாம்பு கடித்த நாகலிங்கத்தாருக்கு நான்காம் நாள். அலுமாரியில் இருந்தது ஒரேயொரு குழாய். அடுத்த பாம்புக்கடிக்கு இருக்கட்டும், ஒரு நாள்தானே என்று, இதை எழுதும் லூர்த்தம்மாவாகிய நான் பழையதையே விட்டுவைத்தேன். உங்களிடம் கேட்கவில்லை. களைத்திருந்தேன், எல்லாரும்தான் களைத்திருந்தோம். மறுநாள் இறங்கிய நீர் அரிசி கழுவிய தண்ணீராய்க் கலங்கியிருந்தது. காய்ச்சலோடும் வயிற்றுக்குத்தோடும் ஐம்பத்துமூன்று நாள் கிடந்து, எலும்பும் தோலுமாய் அவர் வீடு போனார். அந்த வருஷப் புகையிலையை வெட்ட ஆளில்லாமற் போயிற்று.

விசாரணை வந்தது. "குழாயை விட்டுவைக்கச் சொன்னது நானே" என்று நீங்கள் எழுதிக்கொடுத்தீர்கள். அறிந்து ஓடிவந்த என்னிடம், தலை நிமிராமலே சொன்னீர்கள்: "லூர்த்து, உமக்கு இன்னும் இருபது வருஷம் கிடக்கு. எனக்கு மூண்டுதான். பேசாமல் போய்ப் போத்தலை மாத்தும்."

நான் பேசாமல் போய்ப் போத்தலை மாற்றினேன். அதற்கடுத்த ஆண்டு மென்குழாய் இரண்டு வந்தது. அந்தக் கடிதத்தால், தாதியருக்கெல்லாம் தலைவியாக உங்களுக்கு வரவேண்டிய மேற்றன் பதவி வரவில்லை. நாளை முதல் உங்கள் கதிரையில் நான் இருக்கவேண்டுமாம். வெட்கமாயிருக்கிறது, சிஸ்டர்.

இந்தப் பந்திகளை எடுத்துவிடும்படி வார்ட்டில் எல்லாரும் சொன்னார்கள். இரண்டு நாள் வாதாடிக் களைத்து, பின்பு தாங்களும் ஒப்பமிட்டார்கள். நீங்கள் இப்போது மேடையில் முகஞ்சுளிப்பீர்கள். அதுவும் பழக்கந்தான்.

மணியடித்தாலும் எழும்பத் தேவையில்லாத நித்திரையும், நோய் நொடி அண்டாத உடம்பும், நூறாண்டு நிறைந்த வாழ்வும் நாச்சிமார் அம்மன் உங்களுக்கு நல்குவாராக!

இவ்வண்ணம்,
ஐந்தாம் வார்ட்டு ஊழியர் அனைவருக்குமாக,
லூர்த்தம்மா
1981 மார்கழி

பிரதி: வைத்திய அத்தியட்சகருக்கு. 1978ஆம் ஆண்டு விசாரணைக் கோவையில், சிஸ்டரின் கடிதத்துக்கு மேலே சேர்க்கவும்.