முன்னூத்திரெண்டு கிராம்

— சார், இது காய்கறி நிறுக்கிற தராசு இல்லையா?

— சமையல்கட்டுத் தராசுதான் தம்பி. ஒரு கிராம்கூடப் பிசகாது. கேமராவை இதுமேல வைங்க. பாருங்க, முன்னூத்திரெண்டு. டப்பாவுல என்ன போட்டிருக்கு? இருநூத்தித் தொண்ணூத்தி நாலு. அந்த எட்டு கிராம் எங்கேருந்து வந்துச்சு?

— சொன்னா கோவிச்சுக்காதீங்க சார், கழுத்துல மாட்டுற வாரோட சேர்த்து வச்சிருக்கீங்க.

— அப்ப வாரைக் கழட்டுங்க. மலை ஏறுறவனுக்கு எட்டு கிராமும் எட்டு கிலோவும் ஒண்ணுதான். அடிப்படையில இது ஒரு தத்துவம்.

— வாரைக் கழட்டிட்டா? வழியெல்லாம் கையில ஏந்திக்கிட்டே வருவீங்களாங்க?

— நீ சும்மா இரும்மா. தம்பி, இவங்களுக்கு இதெல்லாம் பிடிபடாது. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு அந்த மலை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.

— இப்ப இருபத்தெட்டு முடிஞ்சுடுச்சு தம்பி.

— முறையா தயாராக வேணாமா? மூணு வருஷமா ஒவ்வொரு பொருளா இளைக்க வச்சுட்டு வரேன். பல்லு விளக்குற பிரஷ்ஷோட பிடியைக்கூடப் பாதிக்கு அறுத்துட்டேன்.

— என்னோடதையும் சேர்த்து. ரெண்டு விரலை வாய்க்குள்ள விட்டுத்தான் இப்ப பல்லு விளக்குறேன்.

— அந்த நீல ஸ்வெட்டர் கதையையும் சொல்லிடு, மனசுல எதுக்கு வச்சுக்கிட்டு.

— என் ஸ்வெட்டர் நானூத்திப் பத்து கிராமாம் தம்பி. லிஸ்ட்லேருந்து அடிச்சுட்டாரு. குளிர்னா வேகமா நடக்கணுமாம்.

— சரி சார், இதைப் பாருங்க. சாரல் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் கொண்டாந்து காட்டும்.

— முன்னூத்தி நாப்பது. வேணாம். எனக்குக் கால் இருக்கு, கிட்டப் போய் எடுப்பேன்.

— ஏங்க, ஏரி நடுவுல ஒரு பாறை, அதுமேல கொக்கு வந்து உட்காருது. அதுகிட்ட எப்படிப் போவீங்க, நீந்தியா?

— கொக்கா? நான் படிச்ச ஒரு கட்டுரையிலயும் கொக்கு வரலையே.

— கொக்குக்கு அந்த விஷயம் தெரியாம இருந்திருக்குங்க.

— தம்பி, என் திட்டத்தைக் கேளுங்க. காலையில ஆறு மணிக்கு ஏரிக்கரையில நிக்கணும். தங்கத்தை உருக்கி ஊத்தினாப்ல வெளிச்சம் வரும்.

— ஆறு மணிக்குப் பனிங்க. நம்ம கையே நமக்குத் தெரியாது. ஒன்பதரைக்குத்தான் விலகும்.

— யாரும்மா சொன்னது?

— போன மாசம் உங்க அக்காவோட நாலு நாள் இருந்தேன்ல. அப்ப தெரிஞ்சுக்கிட்டேன்.

— எங்க அக்காவா? முட்டி வலின்னு மாடிப்படி ஏற மாட்டா, மலையைப் பத்தி வகுப்பு எடுக்குறாளா? விடு. தம்பி, அந்த முதல் கேமராவையே எடுங்க. பேட்டரியைக் கழட்டிட்டு நிறுத்துப் பாப்போம்.

— சொன்னா கோவிச்சுக்காதீங்க சார், பேட்டரி இல்லாம அது படம் எடுக்காது.

— இதைவிட லேசா ஏதாவது வருதா?

— அடுத்த வருஷம் ஒண்ணு வரும்னு பேச்சு. முப்பது கிராம் குறையலாம். ஆனா சார், பதினோராவது தடவையா வந்திருக்கீங்க. இன்னிக்காவது...

— முப்பது கிராம். கேட்டியாம்மா? அடிப்படையில இப்ப வாங்குறது முட்டாள்தனம். பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடுவோம். உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?

— இல்லீங்க.

— பாத்தீங்களா தம்பி, பக்குவம். போன வருஷம் இதையே சொன்னதுக்கு ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசலை.

— தம்பி, நான் பிரிண்ட் கேட்டிருந்தேனே, போட்டாச்சா?

— ரெடி மேடம். பெரிசாக் கேட்டதுக்கு ஃபிரேமே மாட்டி வச்சிருக்கேன்.

— இருங்க, இப்படிக் கொடுங்க அதை. அட, அந்த ஏரி. தம்பி, படம்னா இது. பனி விலகுற நேரம், பாறை, கொக்குகூட இருக்கு. ஓரமா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது பாருங்க ஒரு அம்மா, அந்த நீல ஸ்வெட்டர் இல்லேன்னா இந்தப் படமே இல்லை. எடுத்தவன் விவரமானவன். முன்னூறு கிராமுக்குள்ள ஏதோ உசந்த சரக்கு வச்சிருந்திருக்கான். எந்தக் கேமரா, என்ன எடைன்னு கேட்டுச் சொல்லுங்க.

— உங்க அக்காவோட பழைய ஃபோனுங்க. பாவம், மூணு இடத்துல உட்கார்ந்து எழுந்துதான் ஏறினாங்க. எடைதான் பாக்கலை, தராசை நீங்க வச்சிருந்தீங்க.