மணமகனோடு ஆற்றில் இறங்கிய போர்ப்படகு

பெயர் ஒட்டீலியா. வயது இருபத்து நான்கு. கணவர் பெயர் லூட்கர் பிராண்ட்ஹார்ஸ்ட். தொழில் தையல். இருப்பிடம் மிசௌரி மாநிலம், காரோண்டலெட், ஆற்றோரத் தெரு. 1861 அக்டோபர் மாதம், படைமுகாமில் கேப்டன் ஹோல்கம் முன்னிலையில் விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் என் மாமியார் வால்புர்கா என்பவருடன் நேற்று முதல் வசித்து வருகிறேன். என் கணவர் இவ்வூர்க் கப்பல் பட்டறை ஒன்றில் தச்சு மேஸ்திரி. அங்கே அரசாங்கத்துக்கு இரும்புக் கவசம் போட்ட போர்ப்படகுகள் கட்டுகிறார்கள். வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் போர் வந்ததிலிருந்து வீடு கட்டியவர், பீப்பாய் செய்தவர், சக்கரம் செய்தவர் எல்லோரும் படகுதான் கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. எங்கள் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை பலகை வரவில்லை என்றார்கள், அடுத்த முறை பலகை வந்துவிட்டது என்றார்கள்.

நேற்று மதியம் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. ஆட்களுக்குச் சாப்பாட்டு வேளைக்கு மேல் விடுப்பு இல்லாததால் பட்டறை வேலியை ஒட்டிய வெளியில் விருந்து வைத்தோம். பட்டறையில் படகின் இடுக்குகளை அடைக்கும் குவிக்லி என்ற ஐரிஷ்காரர் பிடில் வாசித்தார். மாமியார் என் கணவரிடம், “கல்யாணக் கோட்டுலயும் மரத்தூள் வாசனைதான்டா அடிக்குது. இவ உன்னைக் கட்டிக்கிட்டாளா, பட்டறையைக் கட்டிக்கிட்டாளா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

அதன் பின், பலகையை ஆவியில் வைத்து வளைக்கும் கொட்டகையின் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறி, தார் தோய்த்த சணல் குவியலில் விழுந்ததை நான் பார்த்தேன். யாரும் தீ வைக்கவில்லை. காற்று ஆற்றுப்பக்கம் அடித்ததால் நெருப்பு கரையோரம் நின்ற படகை நோக்கிப் போனது. அந்தப் படகுக்குப் பலகை வேலை முடிந்து, ஆற்றில் இறக்குவதற்காகச் சறுக்குமரங்களில் கொழுப்பும் பூசியிருந்தார்கள். கவசமும் எஞ்சினும் இன்னும் பொருத்தவில்லை. ஆட்கள் வாளி வாளியாக ஊற்றியும் தார் நெருப்பு அடங்கவில்லை. அதன் பின் என் கணவர், “வாளியப் போடுங்கடா! ஆப்பைத் தட்டுங்க, படகை ஆத்துல எறக்கிடலாம்!” என்று கத்தினார்.

குவிக்லி, “உத்தரவு இல்லாம எறக்குனா நம்மளத் தொலைச்சுடுவாங்க மேஸ்திரி!” என்றார்.

“எரியவிட்டா மட்டும் கட்டிப்பிடிச்சுக்குவாங்களா?” என்று என் கணவர் கேட்டார்.

அதன் பின் விருந்துக்கு வந்த அத்தனை பேரும் படகைச் சறுக்காமல் தடுத்து நிறுத்தியிருந்த ஆப்புகளைத் தட்டினோம். மாமியார் யாரிடமோ சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு அடித்ததையும் பார்த்தேன். கரையில் கட்டுவதற்குக் கயிறு வீச என் கணவர் மேலே ஏறினார். குவிக்லியும் பிடிலைத் தோளில் மாட்டியபடியே உதவிக்கு ஏறினார். படகு பக்கவாட்டில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் நனைந்தோம். கயிற்றைக் கட்டிய கம்பம் அடியோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. படகு தெற்கே போகத் தொடங்கியது.

என் கணவர் மேலிருந்து, “ஒட்டீ! சாப்பாட்ட எடுத்து வையி, இதோ வந்துடறேன்!” என்றார்.

மாமியார், “மோதிரம் போட்ட கையோட ஓடுறான் பாரு!” என்று கத்திவிட்டு அழுதார்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோடு ஓடினேன். எதிரே ஒரு நீராவிக் கப்பல் வந்தது. படகில் சுக்கானும் இல்லை, எஞ்சினும் இல்லை. கப்பல் ஊதிக்கொண்டே விலகிப் போகும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. அந்த நேரமெல்லாம் பிடில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பயம் தெரியாமல் இருக்க வாசித்ததாகக் குவிக்லி பிறகு சொன்னார். கடைசியில் படகு, இந்தப் படைமுகாமுக்குக் கீழே ஆற்று மணல்திட்டில் தட்டி நின்றது. அதன் பின் சிப்பாய்கள் துப்பாக்கியுடன் போய், படகை எதிரிக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி இருவரையும் பிடித்தார்கள்.

கேப்டன் கேட்டதற்குச் சொல்கிறேன்: என் கணவருக்குத் தெற்கே யாரையும் தெரியாது. எதிரிக்குக் கொடுப்பதாக இருந்தால் எஞ்சின் பொருத்தும்வரை காத்திருந்திருப்பார். திருட்டுத்தனமாகப் போகிறவர் பிடில்காரரைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார். கொழுப்புப் பூசிய சறுக்குமரங்கள் கரியாகிக் கிடப்பதைக் கேப்டன் இன்று காலை நேரில் வந்து பார்த்தார். படகு அங்கே நின்றிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது.

நான் சொன்னவை என் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. எழுதியதை என் ஜெர்மன் மொழியில் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது.

குறிப்பு: மேற்படி லூட்கர், குவிக்லி இருவர் மீதும் குற்றம் இல்லை எனக் கண்டு விடுவிக்க உத்தரவிடப்பட்டது. லூட்கரை வாசலில் கண்டதும் வாக்குமூலம் அளித்தவர் கையொப்பமிடாமல் எழுந்து ஓடிவிட்டார். காத்திருந்தும் அவர் திரும்பாததால், எழுத்தர் காகிதத்தையும் மையையும் வெளியே கொண்டுபோய், மேற்படி லூட்கரின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையொப்பம் பெற்றார்.

(ஒப்பம்) ஒட்டீலியா பிராண்ட்ஹார்ஸ்ட்