சரிநடுவில் ஒரு நாற்காலி

குன்னூர்க் குளிரில் தேநீர் சீக்கிரம் ஆறிவிடும். முதலில் குடியுங்கள், இன்ஸ்பெக்டர். டாக்டர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபின் வந்திருக்கிறீர்கள், எனக்கும் அவசரமில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரித் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்கும் நடுவர் நான். கோயம்புத்தூரில் பயிற்சி. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தொண்டையைக் கனைத்தே பாதி வகுப்பை ஓட்டினார். இரு தரப்புக்கும் ஒரே அளவு தலையாட்ட வேண்டும். அழுகிறவருக்குக் கைக்குட்டை நீட்டினால், அழாதவருக்கும் ஒன்று நீட்ட வேண்டும். தனியறையில் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மூச்சுவிடக் கூடாது. வகுப்பில் நான்தான் முதல். நாற்காலியை நூல் பிடித்தாற்போல் நடுவில் போடுவேன்.

மூக்கம்மா கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவள். இங்கே கொழுந்து பறித்தாள். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன மகள், ஊசி போட்ட அன்றே இறந்துபோனாள். பிள்ளை ஏன் செத்தது என்று டாக்டர் வாயால் கேட்க வேண்டும். அவள் கோரிக்கை அவ்வளவுதான்.

டாக்டர் கருணாகரனைத் தனியறைக்கு அழைத்தேன். கதவைச் சாத்தியதும் உடைந்துவிட்டார்.

"மருந்து கெட்டுப்போயிருந்ததுங்க. இன்னும் அதே பெட்டியிலதான் எடுத்துப் போட்டுட்டிருக்கறனுங்க. தூக்கி எறிஞ்சா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டுங்க."

தலையாட்டினேன், அளவோடு.

வெளியே வந்து, டாக்டர் மிகவும் வருந்துகிறார் என்றேன். பொய்யில்லை. மூக்கம்மா முதுகில் கட்டியிருந்த சின்னவனைத் திருப்பிக் காட்டினாள்.

"இவனுக்கும் மேல் கொதிக்குது தொரை. இங்கனயே ஊசி போடலாமா? கண்டியில நடுவால நின்னு பேச எங்களுக்கு ஆளே இல்ல. நீங்க அவுக ஆளும் இல்ல, எங்க ஆளும் இல்ல. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

மருத்துவ யோசனை சொல்வது நடுவரின் வேலையல்ல.

"அது உங்க விருப்பம்மா" என்றேன்.

"ஆகாதுன்னா தொரை சொல்லியிருப்பாருடா" என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே அவள் ஆஸ்பத்திரிப் படியேறினாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

சின்னவனுக்கான பேச்சுவார்த்தைக்கும் அவள் என்னையே நடுவராகக் கேட்டாள். அவனைக் கட்டிவந்த துணி மடியில் மடித்துக் கிடந்தது. இந்த முறை அவள் அழவில்லை. கைக்குட்டைச் சிக்கலும் எழவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். முதல் பிள்ளையை டாக்டர் கொன்றார். இரண்டாவதை, தெரிந்தே வாய் திறக்காமல், நானும் சேர்ந்து கொன்றேன். கூடவே இதையும் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்: அன்றைக்கும் என் நாற்காலி சரிநடுவில்தான் இருந்தது.