சுண்டலாகிப்போன கோப்பை

குணாளன் தம்பியின் வெற்றியை நாங்கள் சுண்டலாகத் தின்றுவிட்டோம். நடந்தது இதுதான். சரக்கைக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவது என் வழக்கம். அதனால் விஷயத்தை முதலில் வைத்தேன். இனி வணக்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் போக்கர் குழுவின் பரிசளிப்புக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் சவுந்தரம் அம்மையார் அவர்களே! அவர் அருகில் அடக்கமாக அமர்ந்திருக்கும் அவர் கணவர், ஆட்டக்காரர் பெஞ்சமின் அண்ணன் அவர்களே! தாசேக் கெலுகோரிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி வந்திருக்கும் பெரியோர்களே! ஜெலுத்தோங்கின் தாய்மார்களே! சாப்பாட்டுக்காகவே வந்திருக்கும் சான்றோர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

போக்கர் சீட்டாட்டம் என்றதும் புருவத்தை உயர்த்தாதீர்கள். எங்கள் மேசையில் காசு கிடையாது, கடலைதான் உண்டு. பந்தயம் வைப்பதும் கொண்டைக்கடலை, பறிகொடுப்பதும் கொண்டைக்கடலை. வென்றதை அவரவர் டின்னில் போட்டு அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வோம். நவராத்திரியோடு எங்கள் ஆட்ட ஆண்டு முடியும்; அப்போது எவர் டின் அதிகம் கனக்கிறதோ, அவருக்கே கோப்பை. வீட்டுக் கடலையை யாரும் கலந்துவிடக் கூடாதே என்று, கடைகளில் கிடைக்காத பெரிய ரகத்தைத் தருவித்துக் கொடுத்தவன் மளிகைக்கடைக்காரனான நான்.

மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர் குணாளனை உங்களுக்குத் தெரியும். நல்ல சீட்டு வந்துவிட்டால் அவருக்கு மரியாதை பொங்கும். "அண்ணே, தேத்தண்ணி கலக்கட்டா?" என்பார். உடனே அத்தனை பேரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிவிடுவோம். எங்களுக்குத் தேநீர் வரும். அவருக்குக் கடலை வராது. ஆண்டுதோறும் கடைசி இடம். தோற்றார், துவண்டாரா? தேய்ந்தார், ஓய்ந்தாரா?

இந்த ஆண்டு அவர் மனைவி குமுதா ஒரு வழி சொன்னார்: "சீட்டு நல்லா இருந்தாலும் இல்லாட்டியும் மரியாதையாவே பேசுங்க. யாருக்குத் தெரியும்?" அவ்வளவுதான்! பணிவு பெருகியது, டின் நிரம்பியது. முதல் முறையாகக் கோப்பை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அதை வைக்கப் பட்டறைச் சுவரில் பலகைகூட அடித்துவிட்டார்.

இறுதி ஆட்டம் நவராத்திரி வெள்ளியன்று, அவர் வீட்டில். போனதும் சூடான சுண்டல் வந்தது. தேங்காய்ப்பூ, மாங்காய், கறிவேப்பிலை! பெஞ்சமின் அண்ணன் மூன்றாம் முறை தட்டை நீட்டி, "தங்கச்சி, பிரமாதம் லா! இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

யாரப்பா பின்வரிசையில், "நான் ஒரு தட்டுதான்" என்பது? உட்காருங்கள் தயாளன். பக்கத்தில் இருந்தவன் நான்.

ஆட்டம் தொடங்கவேண்டும். டின்னை எடுக்க உள்ளே போன குணாளனின் குரல் கேட்டது.

"குமுதா, என் கடலை எங்க?"

"எந்தக் கடலை?"

"அலமாரி டின்னுல இருந்துச்சே!"

"அது ஆட்டக் கடலையா? பெரிசு பெரிசா நல்லா இருந்துச்சு. நேத்து ஊறப்போட்டு அம்பாளுக்குப் படைச்சிட்டேன்."

அன்பர்களே, வாய்க்குள் போனதை மெல்வதா, மேசையில் வைப்பதா? கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. குணாளன் வெறும் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுதான் எங்களைக் கொன்றது.

இரண்டாம் இடத்தில் இருந்த பெஞ்சமின் அண்ணன் தொண்டையைச் செருமினார். "வருத்தந்தான் தம்பி. ஆனா டின்னுல இருக்கிறதுதான் கணக்கு."

கரண்டியோடு வந்த குமுதா கேட்டார்: "அப்ப உங்க வயித்துல இருக்கிறது யார் கணக்கு அண்ணே?"

ஆட்டம் அன்றோடு நின்றது. இன்று மாலை வரை வழக்கு ஓடியது. நான் கேட்கிறேன்: தின்றவன் வென்றவனா? வெந்த கடலை வெல்லாத கடலையா? நெருப்பில் வெந்தது பருப்புதான் ஐயா, ஓர் ஆண்டு உழைப்பு வேகுமா? முகத்தை மறைக்கத் தெரியாத மனிதர், மனம் தளராமல் மேசைக்குத் திரும்பித் திரும்பி வந்தாரே, அந்த வருகையை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்?

சற்றுமுன் மேடைக்குப் பின்னால் தலைவர் அம்மையார் தம் கணவருக்குத் தீர்ப்புச் சொன்னார்: "ஏங்க, மூணு தட்டு சாப்பிட்டுட்டுச் சட்டமா பேசுறீங்க? கோப்பையோட வீட்டுக்கு வந்தீங்கன்னா, அதுலதான் உங்களுக்குச் சோறு!"

பெஞ்சமின் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சரி லா, விட்டுக்கொடுக்கிறேன். ஆனா அடுத்த வருஷம் வேகிற பொருளே மேசைக்கு வரக்கூடாது." நியாயமான பேச்சு. அங்கேயே கைகுலுக்கினோம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பசியோடு கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, வணங்கி, முடிவான உடன்பாட்டை அறிவித்து அமர்கிறேன்: கோப்பை குணாளனுக்கு. அடுத்த ஆண்டு மேசையில் ஒரு நாற்காலி குமுதாவுக்கு. கடலைக்குப் பதில் புளியங்கொட்டை. அது என் கடையில்தான் வாங்கவேண்டும், முழு விலைக்கு, தள்ளுபடி கிடையாது.